எஃகுக்கு வந்த மரியாதை: ராயல் ஓக் ஒரு கிளாசிக்தானா?

1972 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்த கண்காட்சியில் ஓடெமார் பிகே நிறுவனம் ஒரு புதுக் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தது. எண்கோண முகப்பு, அதன்மேல் மறைக்காமல் விட்ட எட்டுத் திருகாணிகள், கருநீல டயல், கேஸிலிருந்தே முளைத்து வந்ததுபோல் ஒரு செயின். கேஸும் செயினும் ஸ்டீல். விலை 3,300 சுவிஸ் ஃபிராங்க். அந்தப் பணத்துக்கு அன்று நல்ல தங்க வாட்சே கிடைத்தது. எவர்சில்வர் தட்டுக்குத் தங்கத் தட்டின் விலை சொன்னால் நம் கடைத்தெருவில் என்ன பேச்சு எழுமோ, அதுதான் அங்கும் எழுந்தது. முதலில் செய்த வாட்சுகள் மெதுவாகத்தான் விலைபோயின.

இன்று நிலைமை தலைகீழ். ராயல் ஓக் வாங்கக் கையில் காசு இருந்தால் மட்டும் போதாது. கடைக்காரர் மனமும் இரங்க வேண்டும். பாட்டுக்காரர்கள், கால்பந்து வீரர்கள், பங்குச் சந்தைக்காரர்கள் என்று எல்லார் மணிக்கட்டிலும் அது தெரிகிறது. அதைக் கிளாசிக் என்று சொல்லாத வாட்ச் பத்திரிகை இல்லை. எல்லாரும் சொல்வதாலேயே ஒரு பொருள் கிளாசிக் ஆகிவிடாது. புகழ் வேறு, தகுதி வேறு. ராயல் ஓக்குக்குத் தகுதி உண்டு என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி நிற்காது. அந்தப் பெயரைத் தாங்கி வரும் எல்லா வாட்சுக்கும் அந்தத் தகுதி கிடையாது.

முதலில், சண்டையே இல்லாத கிளாசிக்குகளைப் பார்ப்போம். 1931-இல் வந்த ரிவெர்சோ, இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால் பிறந்தது. ஆட்டத்தின்போது முகத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ரோலெக்ஸ் சப்மரைனர் முக்குளிப்பவர்களுக்காக 1950-களில் வந்தது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1957-இல் கார் பந்தயக்காரர்களை நினைத்துச் செய்யப்பட்டு, 1969-இல் நிலவுக்கே போய்வந்தது. மூன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையே வடிவத்தைத் தீர்மானித்தது. பிற்பாடு வேலை போய்விட்டாலும் வடிவம் மட்டும் நின்றது.

ராயல் ஓக்குக்கு அப்படி ஒரு வேலை என்றுமே இருந்ததில்லை. கப்பல் ஜன்னலைப் போன்ற முகம் இருந்தும், இன்று விற்கும் 'ஜம்போ' மாடல் தாங்குவது 50 மீட்டர் நீரழுத்தத்தைத்தான். விமானிகளுக்கோ மருத்துவர்களுக்கோ என்று அது செய்யப்படவில்லை. விநாடி முள்கூட இல்லை. பெரிய வீட்டு விருந்துக்கும் படகுச் சவாரிக்கும் ஒரே வாட்சைக் கட்டிக்கொள்ள விரும்பிய பணக்கார ஐரோப்பியர்களுக்காக, குறிப்பாக இத்தாலியச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்தது அது. ஆகவே மற்ற மூன்றையும் அளந்த கோலால் இதை அளக்க முடியாது.

வழக்கமாகச் சொல்லும் முதல் காரணம் அந்த ஒரே இரவுக் கதை. 1970-ஆம் ஆண்டு, பாசெல் கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணி. ஓடெமார் பிகேயின் நிர்வாக இயக்குநர் ஜோர்ஜ் கோலே, வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டாவைத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை யாரும் செய்யாத ஒரு ஸ்டீல் வாட்சுக்கு விடிவதற்குள் படம் வேண்டும் என்று கேட்கிறார். விடிகிறது; படம் தயார். சிறுவயதில் ஜெனிவாவில் முக்குளிப்பவர் ஒருவருக்குத் திருகாணிகளும் ரப்பர் வளையமும் வைத்துத் தலைக்கவசம் பூட்டுவதைப் பார்த்த நினைவுதான் தாளில் இறங்கியது என்று ஜென்டா சொல்லியிருக்கிறார். 1931-இல் ஜெனிவாவில் பிறந்த அவர், 23 வயதில் யூனிவர்சல் ஜெனீவ் நிறுவனத்தின் போல்ரூட்டரை வரைந்தவர். வேகமாக வரையும் கை அவருக்கு இருந்ததில் சந்தேகம் இல்லை.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாட்ச் நல்லதா என்பதற்கு அது எத்தனை மணி நேரத்தில் வரையப்பட்டது என்பது சாட்சி ஆகாது. இந்தக் கதை ஒரு அநியாயமும் செய்கிறது. படத்துக்கும் பொருளுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த இரண்டு ஆண்டுகளில் உழைத்தவர்களை அது மறைத்துவிடுகிறது. கேஸ் செய்தது ஃபாவ்ர் பெரே. செயின் செய்தது ஜெனிவாவின் கே ஃப்ரேர். டயல் ஸ்டெர்ன் ஃப்ரேர் பட்டறையிலிருந்து வந்தது. ஸ்டீல் கடினமான உலோகம். இவ்வளவு கூர்மையான விளிம்புகளை அதில் எடுக்கும் கருவிகள் அன்று சரியாக அமையாததால் முன்மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டீல் வாட்சுக்குத் தங்கத்தில் ஒத்திகை! விலை ஏன் அப்படி என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி வாட்சையே கையில் எடுத்துப் பார்ப்போம். என் முடிவு தொங்குவது இங்கேதான்.

முகப்பில் உள்ள எட்டுத் திருகாணிகளின் தலையும் வெள்ளைத் தங்கம். ஒவ்வொன்றின் தலையிலும் ஸ்க்ரூடிரைவர் வைப்பதற்கான வெட்டு இருக்கிறது. எட்டு வெட்டுகளும் டயலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதுபோல் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. சாதாரணத் திருகாணியை இறுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க எட்டும் எப்படி ஒரே சீராக நிற்கின்றன? தலைகள் அறுகோணம், முகப்பில் அதே அளவில் தோண்டிய அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அவை திரும்பவே திரும்பாது. உண்மையில் அவை போல்ட்டுகள். முகப்பு, ரப்பர் வளையம், கேஸ் என்று எல்லாவற்றையும் ஊடுருவிப் பின்பக்கம் வந்து, அங்கிருந்துதான் முடுக்கப்படுகின்றன. முன்னால் தெரியும் வெட்டு அலங்காரம். ஆனால் போல்ட்டு அலங்காரம் இல்லை. அதைக் கழற்றினால் வாட்ச் திறந்துகொள்ளும். முதல் மாடலான 5402-இல் கேஸ் ஒரே துண்டு, பின்மூடி கிடையாது. மெஷினை முன்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முகப்புக்கும் கேஸுக்கும் நடுவே மெல்லிய கருப்புக் கோடாகத் தெரிவது அந்த ரப்பர் வளையத்தின் விளிம்புதான்.

அன்றைய நல்ல வாட்ச் என்றால் இதையெல்லாம் மூடி மறைக்கும். திருகாணி பின்னால் இருக்கும், ரப்பர் உள்ளே இருக்கும், வெளியே வழவழவென்று ஒரு தங்க வட்டம் மட்டும் தெரியும். ஜென்டா எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டார். கட்டுமானத்தையே அழகாக்கினார். வேலை என்று ஒன்றும் இல்லாத இந்த வாட்சில் வடிவத்துக்கு ஆதாரம் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு பாகமும் வாட்ச் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

அடுத்து, மேற்பரப்பு. முகப்பின் மேல்தளம் மெல்லிய கோடுகள் ஓட மங்கலாக இழைக்கப்பட்டிருக்கும். சரிவான விளிம்புகள் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். இரண்டும் சந்திக்கும் இடம் கத்தி முனைபோல் ஒரே கோடு. செயினிலும் கண்ணிக்குக் கண்ணி இதே வேலைதான், அதுவும் மணிக்கட்டின் அடிப்பக்கம் போகப்போகக் கண்ணிகள் சிறுத்துக்கொண்டே போகும். வெளிச்சத்தில் கையை லேசாகத் திருப்பினால் ஒரு தளம் அணைந்து அடுத்த தளம் எரியும். டயலில் 'பெத்தித் தாப்பிஸ்ரீ' எனப்படும் நுண்சதுர வேலைப்பாடு. பழங்காலச் செதுக்கு இயந்திரத்தில் வைத்து, வரிவரியாகச் சுரண்டி எடுப்பது. தள்ளி நின்று பார்த்தால் வெறும் கருநீலம். கிட்டே போனால் நூற்றுக்கணக்கான சிறு மேடைகள். தங்கத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த கைவேலையை எஃகுக்குக் கொடுத்ததுதான் ராயல் ஓக்கின் உண்மையான சாதனை.

உள்ளே இருந்த மெஷினும் அந்தத் தரத்துக்குக் குறையவில்லை. 2121 என்ற அந்த ஆட்டோமேட்டிக் மெஷின் தேதியோடு சேர்த்து 3.05 மி.மீ. தடிமன்தான். ஜேஜர் லெகூல்த்ர் வடிவமைத்தது. ஓடெமார் பிகே, பட்டேக் பிலிப், வஷரோன் கான்ஸ்டான்டின் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தின. வடிவமைத்த ஜேஜர் லெகூல்த்ரோ அதைத் தன் வாட்சில் போடவே இல்லை. கையசைவில் சுழலும் எடைத்தகடு நடுவில் மட்டும் தொங்காமல், ஓரத்தில் மாணிக்கக்கல் உருளைகள்மேல் ஓடும். அதனால்தான் அவ்வளவு மெலிதாக்க முடிந்தது. மொத்த வாட்சே சுமார் 7 மி.மீ. அகலமோ 39 மி.மீ. அந்தக் காலத்துக்கு அது ராட்சச அளவு. 'ஜம்போ' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. அகலமாகவும் மெலிதாகவும் இருக்கும் இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த பல மாடல்களில் தொலைந்துபோனது இதுதான்.

இரண்டாவது வழக்கமான காரணம், சுவிஸ் கடிகாரத் தொழிலைக் காப்பாற்றியது ராயல் ஓக் என்பது. இது பெரும் மிகை. 1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் துல்லியமாக ஓடும் குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. அதோடு இன்னொரு அடியும் விழுந்தது. 1971-க்குப் பிறகு டாலரின் நிலையான மாற்று மதிப்பு முறை உடைந்து, 4.3 ஃபிராங்க் இருந்த ஒரு டாலர் 1978-இல் 2 ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. அமெரிக்கர்களுக்குச் சுவிஸ் வாட்சின் விலை இருமடங்கானது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த தொழில் எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்தச் சரிவை ஆண்டுக்குச் சில ஆயிரம் வாட்ச் மட்டும் செய்த ஒரு பள்ளத்தாக்கு நிறுவனத்தின் ஒரு மாடல் எப்படி நிறுத்தியிருக்கும்? தொழில் மறுபடி எழுந்ததற்கு 1983-இல் வந்த பிளாஸ்டிக் ஸ்வாட்ச்சும், நொடிந்த பெரும் நிறுவனங்களை இணைத்த நிக்கொலஸ் ஹாயெக்கின் நிர்வாகமும் முக்கியக் காரணங்கள். ஓடெமார் பிகேயே அந்தக் காலத்தைத் தாண்டியதில் 1978-இல் அது செய்த மெல்லிய நிரந்தர நாட்காட்டி வாட்சுக்கும் பங்கு உண்டு. குவார்ட்ஸ் அலையைத் தமிழ்நாடும் பார்த்தது, நேரெதிர்க் கரையிலிருந்து: டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் ஒசூரில் குவார்ட்ஸை நம்பித் தொழிற்சாலை போட்டது, சாவி கொடுக்கும் எச்.எம்.டி.யின் காலம் அதோடு சாயத் தொடங்கியது. ஓடெமார் பிகேயின் ஊரான லெ பிராஸ்யூவில் வேலையைப் பறித்த அதே தொழில்நுட்பம் ஒசூரில் வேலை கொடுத்தது.

ராயல் ஓக் உண்மையில் செய்தது வேறொன்று. இயந்திர வாட்சுக்குத் துல்லியத்தால் இனிப் பிழைப்பு இல்லை என்று ஆன நேரத்தில், கைவேலைக்காகவே ஒருவர் பெரும் பணம் கொடுப்பார் என்று அது காட்டியது. இன்றைய சொகுசு வாட்ச் தொழில் முழுதும் நிற்பது இந்த ஒரு அனுமானத்தின்மேல்.

எல்லாவற்றிலும் முதல் என்ற பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கேஸோடு இணைந்த செயின் 1970-இல் வந்த ரோலெக்ஸின் தங்கக் குவார்ட்ஸ் வாட்சிலேயே உண்டு. ஜென்டாவே அதற்கு முன்னால் ஒமேகா கான்ஸ்டெலேஷனில் கேஸையும் செயினையும் நெருக்கிப் பார்த்தவர். ஸ்டீல் வாட்ச் செய்யாத பெரிய நிறுவனமும் இல்லை. ராயல் ஓக் துண்டு துண்டாகப் புதியது அன்று, மொத்தமாகப் புதியது.

அப்படிப் புதியதாக இருந்ததற்குச் சாட்சி, பிறர் செய்தது. 1976-இல் அதே ஜென்டா பட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸையும், ஐ.டபிள்யூ.சி.க்கு இன்ஜினியர் எஸ்.எல். மாடலையும் வரைந்தார். 1977-இல் வஷரோன் கான்ஸ்டான்டினுக்காக ஜோர்க் ஹைசெக் 222-ஐ வரைந்தார். 1975-லேயே ஜிரார் பெர்கோவின் லாரியாட்டோ வந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு தனிக் குடும்பம் உருவாகிவிட்டது. ஒரு ஸ்டீல் வாட்ச் வரைய உட்காரும் எவரும் ராயல் ஓக்கின் பக்கம் போக வேண்டும், அல்லது வேண்டுமென்றே விலகிப் போக வேண்டும். 2019-இல் காஸியோ நிறுவனம் ஜி-ஷாக் வரிசையில் ஜிஏ-2100 என்ற எண்கோண பிளாஸ்டிக் வாட்சை விட்டபோது, ரசிகர்கள் அதற்குத் தாங்களாகவே 'காஸியோக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராயல் ஓக்கைத் தொட்டே பார்த்திராதவர்களுக்கும் அந்த எட்டு மூலை அடையாளம் தெரிகிறது. 2014-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் போலி வடிவம் செய்த ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது கணக்கில் எடுத்தது பெயரை மட்டும் இல்லை, இந்த வடிவத்தையும்தான்.

எதிர்த்தரப்பு வாதம் இங்கிருந்து வலுவாகிறது. அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

1993-இல் எம்மானுவேல் கெயி என்ற இளைஞரின் வடிவமைப்பில் ராயல் ஓக் ஆஃப்ஷோர் வந்தது. 42 மி.மீ. அகலம், ரப்பர் போர்த்திய பொத்தான்கள், மணிக்கட்டில் ஒரு சுமை. தன் வாட்சை நாசமாக்கிவிட்டார்கள் என்று ஜென்டா கண்காட்சியிலேயே கொதித்தார் என்று கெயி பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆஃப்ஷோர் வணிகத்தில் பெருவெற்றி. அர்னால்ட் ஸ்வார்ஸ்னெகர் பெயரில், ஜே-சி பெயரில் என்று தனிப் பதிப்புகள் வரிசையாக வந்தன. பிறகு மார்வெல் படக் கதாநாயகர்கள் வந்தார்கள்: 2021-இல் பிளாக் பாந்தர், 2023-இல் ஸ்பைடர்மேன். ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கறந்து பிழைக்கும் நிறுவனமாக ஓடெமார் பிகே ஆகிவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது ஆண்டுக்குச் செய்யும் ஏறத்தாழ 50,000 வாட்சுகளில் பெரும்பகுதி ராயல் ஓக் குடும்பம்தான். 2019-இல் கோட் 11.59 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தபோது கிடைத்த வரவேற்பு, அந்த எண்கோணத்தைவிட்டு வெளியே வருவது இவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்று காட்டியது.

விலையும் ஒரு புகார். 2021-லும் 2022-இன் தொடக்கத்திலும் மறுவிற்பனைச் சந்தையில் ராயல் ஓக் கடை விலையின் பல மடங்குக்குக் கைமாறியது. 2022 மே மாதம் ஜென்டா தாமே கட்டியிருந்த ராயல் ஓக் ஜெனிவா ஏலத்தில் 20 லட்சம் ஃபிராங்கைத் தாண்டியது. அதே ஆண்டு சந்தை இறங்கவும் தொடங்கியது. வாட்சைப் பங்குப் பத்திரம்போல் வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் லாக்கரில் பூட்டுகிறவர்கள் பெருகினார்கள். வெளிச்சத்தில் அசையவேண்டிய ஒரு பொருளை இருட்டில் வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் விலை ஏறியதால் கிளாசிக் ஆகாததுபோலவே, விலை ஏறிய குற்றத்துக்காக அந்தத் தகுதியை இழக்கவும் செய்யாது. 3,300 ஃபிராங்குக்கு யாரும் சீண்டாதபோதும் அது இதே வாட்ச்தான்.

ஆகவே குடும்பத்தைப் பிரித்துப் பார்ப்பதே நியாயம். 1972-இன் 5402, அதன் வழியில் வந்த 39 மி.மீ. ஜம்போக்கள் ஆகியவற்றுக்குத் தகுதி உண்டு. இவற்றோடு நான் தயங்காமல் சேர்ப்பது, 1976-இல் ஜாக்லின் டிமியே வரைந்த 29 மி.மீ. பெண்கள் ராயல் ஓக்கை. பெண்களுக்கென்று வாட்ச் செய்தால் பூவும் வைரமும் ஒட்டிவிடும் வழக்கத்துக்குப் போகாமல், அதே கோணங்களை, அதே விளிம்புகளைச் சிறிய அளவில் சரியாக நிறுத்தினார் அவர். அளவைக் குறைப்பது படத்தைச் சுருக்குவதுபோல் எளிய வேலை இல்லை. எட்டுத் திருகாணிகளும் முகப்பை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜென்டாவைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட டிமியேயைப் பற்றி எழுதப்படவில்லை.

2012-இல் வந்த 41 மி.மீ. மாடல்கள் நல்ல வாட்சுகள். ஆனால் தடிமன் 10 மி.மீ.யை நெருங்குகிறது. எண்கோணமும் திருகாணியும் அங்கே இருக்கின்றன, அந்த விகிதம் இல்லை. ஆஃப்ஷோர் தன் காலத்தின் ஆவணம். தொண்ணூறுகளின் முரட்டு ரசனையைப் புரிந்துகொள்ள அதைப் பார்க்கலாம். சூப்பர் ஹீரோ பதிப்புகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

2022-இல் ஐம்பதாம் ஆண்டையொட்டி ஜம்போவின் மெஷினை மாற்றினார்கள். அரை நூற்றாண்டு ஓடிய 2121 போய், சொந்தமாகச் செய்த 7121 வந்தது. ஒருமுறை முழுசாக முறுக்கேறினால் 55 மணி நேரம் ஓடும். தேதியைச் சட்டென்று மாற்றிக்கொள்ளலாம். பழைய மெஷின் போனதில் பலருக்கு மனக்கசப்பு. எனக்கு இல்லை. மெஷின் சற்றே தடித்தும் கேஸின் மெலிவைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த வடிவத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அங்கே யாருக்கோ இன்னும் தெரிகிறது.

கவலை வேறு இடத்தில். ராயல் ஓக்கின் உயிர் அந்தக் கத்திமுனை விளிம்புகள். கோடு இழைத்த தளத்தில் ஒரு கீறல் விழுந்தால் பளிச்சென்று தெரியும். தெரிந்ததும் பாலிஷ் போடச் சொல்வார்கள். பாலிஷ் சக்கரத்தில் ஒவ்வொருமுறை வைக்கும்போதும் துளி உலோகம் போகும், விளிம்பு மழுங்கும், எட்டு மூலைகள் வட்டத்தை நோக்கி நகரும். நாலைந்து சர்வீஸ் கண்ட எழுபதுகளின் ராயல் ஓக்கை, பாலிஷே காணாத இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வாட்ச் என்றே தோன்றும். லேசர் வெல்டிங்கால் போன உலோகத்தைச் சேர்த்து மறுபடி விளிம்பு எடுத்துத் தரும் பட்டறைகள் வந்துவிட்டன. ஆனால் அப்படி எடுக்கும் விளிம்பு 1972-இல் கையால் எடுத்த விளிம்பு ஆகாது. பழைய ராயல் ஓக் வைத்திருப்பவர்கள் சர்வீசுக்குக் கொடுக்கும்போது, கீறல்கள் அப்படியே இருக்கட்டும், பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.